ஓடு கிடைத்த பிறகும் விழாத வீடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954இல் எழுதிய 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' நாவலின் மதிப்பை அதிலுள்ள வரலாற்றுப் பிழை குறைக்கிறதா, இல்லையா? குறைக்கவில்லை என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். பிரித்தானியாவை ஆண்ட ரோமானியரின் ஒன்பதாம் படையணி, தன் கழுகுச் சின்னத்தோடு ஸ்காட்லாந்துப் பனிமூட்டத்தில் மறைந்துபோனதாக நாவல் சொல்கிறது. ஆனால் அதன் முத்திரை பதித்த ஓடு நெதர்லாந்தின் நெய்மேகனில் கிடைத்திருக்கிறது; அப்படியானால் அந்தப் படை ஸ்காட்லாந்தில் அழியாமல் அங்கே போயிருக்கலாம். நாவலுக்குத் தூண்டுதலான, இங்கிலாந்தின் சில்செஸ்டரில் 1866இல் தோண்டியெடுத்த சிறகில்லாத வெண்கலக் கழுகும் படைச்சின்னமாக இருக்க வாய்ப்பில்லை, ஏதோ சிலையின் பகுதியாக இருக்கலாம். இவை இரண்டையும் சொல்லி, நாவலின் அஸ்திவாரமே போயிற்று என்றார்.

ஐயா, ஓடும் சரி, சிலையும் சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் அதுதான் அஸ்திவாரம் என்றால், ஓடு கிடைத்த அன்றே வீடு விழுந்திருக்க வேண்டுமே! இன்னும் அதில் வாசகர்கள் குடியிருக்கிறார்களே, எப்படி?

மார்க்கஸைப் பாருங்கள். ரோமானிய நூற்றுவர் தலைவன். முதல் கோட்டையிலேயே தன் வீரர்களைக் காப்பாற்ற எதிரியின் தேரோட்டி மேல் பாய்கிறான். தேருக்கடியில் கால் நொறுங்குகிறது. படைவாழ்க்கை முடிந்தது. இருபது வயதைத் தாண்டாத ஒருவன், இனி நான் யார் என்று பெரியப்பா வீட்டில் படுத்துக் கிடக்கிறான். எழுதியவர் யார்? சிறு வயதிலேயே ஸ்டில்ஸ் நோய் என்னும் மூட்டுவாதம் தாக்கி, வாழ்நாளின் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். அந்தக் கால்வலியை எந்த அகழாய்வு வந்து பொய்யாக்கும்?

அடுத்து எஸ்கா. பிரிகன்ட் என்ற பிரித்தானியப் பழங்குடியினன், களத்தில் தோற்ற கிளாடியேட்டர், மார்க்கஸ் விலைக்கு வாங்கிய அடிமை. எங்கள் ஆட்சியை உங்கள் மக்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்று மார்க்கஸ் கேட்கிறான். எஸ்கா ரோமானியக் குத்துவாளின் உறையைக் காட்டுகிறான்: அளந்து அடுக்கிய கோலம். பிரித்தானியக் கேடயத்தின் குமிழைக் காட்டுகிறான்: நீர் ஓடுவதுபோல் வளைந்து வளைந்து போகும் கோடுகள். இதைச் செய்தவன் அதைச் செய்தவனை எப்படிப் புரிந்துகொள்வான் என்கிறான். ஆள்பவனுக்கும் ஆளப்படுபவனுக்கும் நடுவிலுள்ள தூரத்தை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய பக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அடிமைத்தனத்துக்குச் சர்க்கரை பூசிய கதை என்று சில வாசகர்கள் வருந்துகிறார்கள். அதில் நியாயம் உண்டு. பெரியப்பா வீட்டுக் கிழட்டு அடிமை ஸ்டீபனோஸின் மனசுக்குள் நாவல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அது குறைதான். ஆனால் எஸ்கா விஷயத்தில், ஓர் அடிமையைக் கூப்பிட முடியாது என்று விடுதலைச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மார்க்கஸ், ஒன்பதாம் படையணியின் தொலைந்த கழுகைத் தேடி வடக்கே வருகிறாயா என்று கேட்கிறான்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், நடுவர் அவர்களே. உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த கழுகு கோயிலுக்குப் போகவில்லை. கலகம் செய்து கெட்ட படையணியை மறுபடி எழுப்பக் கூடாது என்று அதைப் பெரியப்பா வீட்டுத் தரைக்கடியில் புதைத்துவிடுகிறார்கள். நாவலே தன் கழுகை மண்ணுக்குள் வைத்துவிட்டது. பரிசாக நிலம் கிடைக்கிறது; பிறந்த இத்தாலியின் எத்ரூரியாவிலேயே வாங்கிக்கொள்ளலாம். மார்க்கஸ் கேட்டது எஸ்காவின் பிரித்தானியாவில்.