அகப்பை யார் கையில்?

(காரைக்காலில் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! எட்டாம் வகுப்பில் நான் ஆப்பிரிக்காவை முருங்கைக்காய் மாதிரி வரைந்து வைத்தபோது என் காதைத் திருகியவர் ஐயாதான். இந்தக் காது இன்றைக்கு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, பயமாகத்தான் இருக்கிறது. முன்னிலை வகிக்கும் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் அவர்களே, உங்களிடம் கடைசியில் ஒரு விண்ணப்பம் வைக்கப் போகிறேன், அதற்குள் எழுந்து போய்விட வேண்டாம். வரவேற்புரை தந்த நூலகர் அம்மா அவர்களே, என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை என் மனைவி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மறுத்துக்கொண்டிருக்கிறார். பொன்னாடை போர்த்திய நண்பருக்கு நன்றி. அந்தத் துண்டை அடுத்த பேச்சாளருக்கும் போர்த்தலாம், மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல்காரர்களும் இந்தியர்களும் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது. நான் பதினோரு வருஷம் வட இத்தாலியில் பிரேஷா நகரத்து உணவகம் ஒன்றில் முதலில் பாத்திரம் கழுவி, பிறகு சமைத்தவன். இரண்டு கூட்டத்தாரோடும் ஒரே பேருந்தில் போய்வந்தவன். அந்தத் தகுதியில் நான்கு செய்தி சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: ஒன்று, எந்தக் கதவு வழியாகப் போனார்கள்; இரண்டு, என்ன வேலை கிடைத்தது; மூன்று, பெண்கள் நிலை; நான்கு, பிள்ளைகள் படிப்பு.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். என் அப்பாயி நாளைக்கு நாலு தடவை சொல்வார். இந்தத் தலைப்பைப் பேசுகிற பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். இந்தியன் சட்டியில் படிப்பு இருக்கிறது, சிக்கனம் இருக்கிறது, அதனால் அகப்பையில் வருகிறது. ஆப்பிரிக்கன் சட்டி காலி என்கிறார்கள். அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே இந்தியக் குடும்பத்தின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் அளவில் இருக்கிறது, உண்மைதான். நியூயார்க்கில் ஹார்லெம் 116-ஆம் தெருவைக் குட்டி செனகல் என்பார்கள். அங்கே முடி பின்னுகிறார்கள், டாக்சி ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

ஆனால் நான் கேட்பது வேறு. அகப்பை யார் கையில்? 1965-இல் அமெரிக்கா சட்டத்தை மாற்றியபோது திறந்த கதவுகளில் ஒன்று படித்தவனுக்கு. படித்த வேலைக்காரர்களுக்கான எச்-1பி விசா பத்துக் கொடுத்தால் ஏழு இந்தியனுக்குப் போகிறது. அதாவது இங்கேயே சலித்து, புடைத்து, பொறுக்கின அரிசியைத்தான் அங்கே உலையில் போடுகிறார்கள். பிறகு சோறு பதமாக வந்திருக்கிறதே என்று ஆச்சரியப்படுகிறார்கள்! பொறுக்காத அரிசி எப்படி வேகிறது என்று பார்க்க வேண்டுமானால் இத்தாலிக்கு வாருங்கள். அங்கே இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல், செனகல்காரர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். இரண்டு பேருமே கையால் உழைக்கப் போனவர்கள்.

கதவு என்றால் என்ன என்று காரைக்கால்காரனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல், பிரெஞ்சுக்காரன் நம் ஊரை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவன் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா, மாடு கன்று போடுகிற நேரம், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்துவிட்டார். அடுத்த வாரம் வரவே இல்லை. சித்தப்பா பிள்ளைகள் பாரீஸ் புறநகரில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார்கள். நான் இத்தாலியில் எண்ணெய்ச் சட்டி தேய்த்தேன். ஒரே அப்பாயி, ஒரே சட்டி. ஒரு கையெழுத்துதான் வித்தியாசம்.

செனகலுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணியைப் பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியில் கப்பலேற்றினான். அது செனகல் ஆற்றங்கரையில் கோந்து வாங்குவதற்குப் பணமாகவே புழங்கியது. நாணயம் இல்லை, நோட்டு இல்லை, நம் ஊர்த் துணி! அங்கே தலைநகர் தாக்கரில் உள்ள பல்கலைக்கழகத்தில் அறிஞர் க.ப. அறவாணன் இருந்து ஆய்வு செய்திருக்கிறார். செனகலின் அதிபராக இருந்த செங்கோர் திராவிட மொழிகளில் ஆர்வம் காட்டியவர். இதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு கூட்டம் போடலாம். நூலகர் அம்மா தலையசைக்கிறார், தேதி வாங்கிவிடுவேன்.

சரி, இத்தாலிக்கு வருகிறேன். செனகல்காரர்கள் 1980-களில் வரத் தொடங்கினார்கள். ஊரில் மழை பொய்த்து, நிலக்கடலை விலை விழுந்தது. பிரான்ஸ் விசாக் கெடுபிடி செய்தது. இத்தாலிக் கதவு அப்போது பாதி திறந்திருந்தது. கடற்கரையில் பாசிமணி, கைப்பை விற்றார்கள். 1990-இல் ஒரு சட்டம் வந்து பலருக்குத் தங்குவதற்கான காகிதம் கிடைத்ததும் பிரேஷா, பெர்கமோ உலோக ஆலைகளுக்குள் நுழைந்தார்கள். இந்தியர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். போ ஆற்றுச் சமவெளியில் இத்தாலிய வாலிபர்கள் மாட்டுத் தொழுவத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் வந்து சேர்ந்தார்கள். விடியற்காலம் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. மாட்டுக்கு ஞாயிறு உண்டா, பொங்கல் உண்டா? பார்மிஜானோ பாலாடைக்கட்டி என்று உலகமே வாங்கித் தின்கிறதே, அதற்குப் பால் கறக்கிற கைகள் பலவற்றில் சீக்கியர் போடுகிற இரும்புக் காப்பு கிடக்கிறது. நொவெல்லாரா என்கிற ஊரில் 2000-இல் பெரிய குருத்வாராவே கட்டிவிட்டார்கள்.

இப்போது ஒரு கதை. கதை இல்லை, நடந்தது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009 டிசம்பர். கடையை மூடி வரும்போது கடைசிப் பேருந்து போய்விட்டது. வெளியே பனி. பிரேஷா ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் ஒண்டினேன். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர். ஒருவர் செனகல்காரர், ஆறடி, பக்கத்தில் குடை மூட்டை. "அமீக்கோ, குடை?" என்றார். "ஐயா, பனிக்கு எதுக்குக் குடை?" என்றேன். "பனி உருகினால் தண்ணீர்தானே" என்றார். வியாபாரி! இன்னொருவன் பஞ்சாபிப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், தலைப்பாகைக்கு மேலே இன்னொரு கம்பளித் துண்டு. என் முகத்தைப் பார்த்ததும் "பாஜி" என்று எழுந்து நின்றான். இந்திக்காரன் என்று நினைத்துவிட்டான். எனக்குத் தெரிந்த இந்தி "தோடா தோடா". அதனால் மூன்று பேரும் உடைந்த இத்தாலியனில்தான் பேசினோம். அந்த மொழி பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு அடி வாங்கியிருக்காது.

என்னிடம் கடையில் மிஞ்சின ரொட்டி இருந்தது. பையனிடம் ஊறுகாய். பெரியவர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றினார், சர்க்கரைப் பாகு மாதிரி. நடுவில் காவலர் வந்து குடை மூட்டையைப் பார்த்து முறைத்தார். பெரியவர் ஒரு குடையை விரித்து எங்கள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "எல்லாம் சொந்த உபயோகத்துக்கு" என்றார். அறைக்குள்ளே, விளக்கு வெளிச்சத்தில், குடைக்கு அடியில் மூன்று கறுப்பு மனிதர்கள். காவலர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பெரியவர் 1989-இல் வந்தவர். வார்ப்பட ஆலையில் பதினைந்து வருஷம். 2008 நெருக்கடியில் ஆலை ஆளைக் குறைத்தது, திரும்பவும் குடை. பையன் மாந்தோவா பக்கம் முலாம்பழத் தோட்டத்தில் இரண்டு கோடை வேலை செய்தவன். பருவம் முடிந்து கையில் காசில்லாமல் கிரெமோனாவில் மாமன் இருக்கிற தொழுவத்துக்குப் போகிறான். பெரியவர் கேட்டார்: "சம்பளச் சீட்டு வைத்திருக்கிறாயா?" பையன் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைமையாசிரியர் ஐயா விடைத்தாள் திருத்துகிற மாதிரி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜூலையில் 6 நாள். ஆகஸ்டில் 8 நாள். "இவ்வளவுதான் வேலை செய்தாயா?" "ஒரு நாள் விடாமல் போனேன்." மொத்தம் கூட்டினார். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 61. "102 வேண்டும்" என்றார். விவசாயக் கூலிக்கு இரண்டு வருஷத்தில் 102 நாள் கணக்கில் இருந்தால்தான் வேலையில்லாக் காலத்து உதவித்தொகை. பையனுக்கு அந்த எண்ணே தெரியாது. எனக்கும் தெரியாது. குடை விற்கிறவருக்குத் தெரிகிறது! எப்படி? சங்கம். செனகல்காரர்கள் ஆலைக்குள் நுழைந்த நாளிலேயே தொழிற்சங்கத்துக்குள்ளும் நுழைந்தவர்கள்.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். வருவதற்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? பெரியவர் சொன்னார்: விமானச் சீட்டுக் காசை அண்ணன் கொடுத்தார், மீதி சீட்டுப் பணம். அவர்களுக்கும் நம் மாதிரியே சீட்டு உண்டு. முரீது என்கிற சூஃபி முஸ்லிம் மார்க்கத்தார் ஊருக்கு ஊர் தாயிரா என்று கூட்டம் வைத்து, புதிதாக வந்தவனுக்குப் படுக்கையும் சரக்கும் கொடுத்து நிறுத்துவார்கள். பையன் சொன்னான்: இரண்டு கில்லா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் விற்று ஏஜெண்டுக்குக் கொடுத்தோம், பற்றாததற்கு வட்டிக்கு வாங்கினோம். நான் சொன்னேன்: இரண்டு மா நிலமும் அம்மாவின் சங்கிலியும். பெரியவர் பையனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரசீது?"

ரசீது! என் அம்மா கழுத்துச் சங்கிலிக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மளிகைக்கடையில் அரைக் கிலோ துவரம்பருப்புக்கு ரசீது கேட்கிற ஊர் இது.

அங்கேதான் எனக்கு விளங்கியது. பெரியவருக்கு வேலை போனால் குடை இருக்கிறது, ஏனென்றால் கடன் இல்லை. பையன் 6 நாள் என்று எழுதின சீட்டை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறான், ஏனென்றால் ஊரில் வட்டி ஓடுகிறது. சட்டியில் இருக்கிறது ஐயா, சட்டி நிறைய உழைப்பு இருக்கிறது. அகப்பை ஏஜெண்ட் கையில்!

செனகல்காரர்களை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. அவர்களில் நாலில் ஏறக்குறைய மூன்று பேர் ஆண்கள், குடும்பம் ஊரில். சம்பாதித்ததைச் செனகலில் உள்ள முரீதுகளின் புனித நகரமான தூபாவுக்கு அனுப்பி, அங்கே வெளிநாடு போனவர்கள் சேர்ந்து மருத்துவமனையே கட்டினார்கள், தாங்கள் மட்டும் ஒரு அறையில் ஆறு பேராகப் படுத்தார்கள். அவர்கள் நாட்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெளியிலிருந்து வருகிற பணம்தான். நமக்கு அது மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் தொகை பெரியது, 2024-இல் சுமார் 12,900 கோடி டாலர், உலகத்திலேயே முதலிடம். பெரியவருக்கு அடுத்த தலைமுறைக்கு விமானம் இல்லை, படகுதான். 2024-இல் மட்டும் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் 46,000 பேருக்கு மேல் கரையேறினார்கள், அதில் செனகல் பிள்ளைகள் எத்தனையோ. "பார்சிலோனா, இல்லாவிட்டால் மறுமை" என்று தங்கள் வொலோஃப் மொழியில் சொல்லிக்கொண்டு ஏறுகிறார்கள். படகுக்காரனும் ரசீது கொடுப்பதில்லை.

மூன்றாவது பெண்கள் நிலை. இரண்டு கூட்டத்திலுமே வெளிவேலைக்குப் போகிற பெண்கள் மிகக் குறைவு, இந்தியர்களில் இன்னும் குறைவு. இது பெரிய விஷயம்... ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் படிப்பும் நிற்கிறது. அந்த நீலத்துணிக் கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் ரோமுக்குத் தெற்கே லத்தீனாவில் 31 வயது இந்தியத் தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் போனது. ஒப்பந்தக் காகிதம் இல்லாத வேலை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவரை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள், துண்டான கையைப் பழப்பெட்டியில் வைத்து. அவர் பிழைக்கவில்லை. இத்தாலியில் கங்காணி முறைக்கு எதிராக 2016-இலேயே கடுமையான சட்டம் வந்தாகிவிட்டது. அப்படியும் நடந்தது. கங்காணி அங்கே மட்டும் இருந்தால் அங்கே பிடிக்கலாம். இவனுடைய இன்னொரு கை இங்கே நம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருக்கிறது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். ஏஜெண்ட் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டணம் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது, ஜிஎஸ்டி தனி. ரசீது கொடுக்க வேண்டும். இந்த அரங்கில் வெளிநாடு போய்வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி. ரசீது வாங்கினவர்கள் மட்டும் கையைத் தூக்கியே வைத்திருங்கள்... பார்த்தீர்களா ஆணையர் ஐயா?

என் விண்ணப்பம் இதுதான். ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்திலும் ஒரு பதிவேடு வையுங்கள். புறப்படுகிறவன் பெயர், ஏஜெண்ட் பதிவு எண், கொடுத்த பணம், ரசீது நகல். ஒப்பந்தத்தைத் தமிழில் ஒருவர் வாசித்துக் காட்டி, கேட்டவன் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நோட்டு, ஒரு மேசை, வாரத்தில் ஒரு பிற்பகல், இவ்வளவுதான் செலவு. வாசிக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், தேநீர் போதும், பாகு மாதிரி இல்லாமல்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று முன்வரிசையில் ஒரு தம்பி கையாட்டுகிறார். மறுநாள் பெரியவர் அவனைச் சங்க அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழக்கு நடந்தது, தோட்டக்காரர் கொஞ்சம் பணம் கொடுத்து முடித்தார். உதவித்தொகைக்கு அந்த வருஷம் நாள் சேரவில்லை. இப்போது கிரெமோனாவில் மாடு பார்க்கிறான், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டான், தீபாவளிக்குப் படம் அனுப்புகிறான். பெரியவர் எண் மாறிவிட்டது. அவரிடம் நான் ஒரு குடை வாங்கினேன், ஐந்து யூரோ. அதற்கும் ரசீது இல்லை.

விண்ணப்பப் படிவம் வாசலில் மேசையில் இருக்கிறது. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கலாம். பேனா ஒன்றுதான் இருக்கிறது. என்னுடையது. யாரும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள்.