கிளிக்கு மூஞ்சி மாத்தியாச்சு மக்களே!

வணக்கம் மக்களே, இன்னைக்கு கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன், அவ்வளவு சந்தோஷம். பின்னாடி முகப்புக்கு நேரா நிக்குதுல்ல நம்ம காரு பச்சைக்கிளி, மூஞ்சிய பாருங்க. முன்பக்க கிரில் மாத்தியாச்சு!

பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், எங்க ஐயா மலேயாவுலேர்ந்து கொண்டாந்த 73 மாடல் எம்ஜிபி, இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரு. அந்த வருசத்து வண்டிக்கு நடுவுல தேன்கூடு மாதிரி கருப்பு பிளாஸ்டிக் மெஷ் வரும், சின்ன வயசுலேர்ந்தே எனக்கு அத கண்டா ஆகாது. 62-ல எம்ஜிபி மொதல்ல வந்தப்ப நெட்டுக்குத்தா வரிசையா குரோம் பட்டை, நடுவுல எம்ஜி பேட்ஜ், 69 வரைக்கும் அதுதான், அதுதாங்க முகம். அப்புறம் 70-ல கருப்பா ஒண்ண உள்ள தள்ளி வச்சாங்க, அத பத்தி பேசவே வேணாம். நல்லவேளை 73-ல வெளிக்கூடு திரும்பப் பழைய மாதிரியே வந்துருச்சு, அதனால பாடியில கை வைக்க வேண்டியதில்ல.

இங்கிலாந்துலேர்ந்து புது கிரில் வந்து சேர கஸ்டம்ஸோட 41,000 ரூவா. சரி, அது போகட்டும். பெட்டிய பிரிச்சா போல்ட் இல்ல! 41,000 வாங்கிட்டு நாலு போல்ட் போட மனசு வரலியே, அதுக்கு தனி கிட்டாம். பழைய போல்ட்ட போடலாம்னா துருப்பிடிச்சு கழட்டும்போதே தலை முறிஞ்சுருச்சு. காரைக்குடி செக்காலை ரோட்டுல கடை கடையா ஏறுனேன், எல்லாரும் எம் சிக்ஸ், அதான் ஆறு மில்லி போல்ட்தான் குடுக்குறாங்க, ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகிக்கும். இது கால் இஞ்சு யூஎன்எஃப், அதாவது இஞ்சு கணக்குல வர்ற நெருக்கமான மரை, இஞ்சுக்கு 28 மரை, 7/16 இஞ்சு ஸ்பேனர் போடணும்.

கடைசியா நம்ம அம்பாசடர் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். டால்டா டப்பாவ சாக்குல கவுத்தாரு, ஒவ்வொண்ணா எடுத்து மரையில கட்டைவிரல் நகத்த ஓட்டிப் பாத்தாரு, அளவுகோல் கூட எடுக்கல, நாலு எடுத்துக் குடுத்தாரு. நாலும் கையாலயே வழுக்கிட்டு ஏறுச்சு மக்களே! ஏறாம என்ன, அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுங்கிற இங்கிலாந்து காரு தானே, அதோட 1489 சிசி எஞ்சினும் கிளியோட 1798-ம் பி சீரிஸ்ங்கிற ஒரே எஞ்சின் குடும்பம், பங்காளிங்க. காசு வேண்டாம்னுட்டாரு, மறுநாள் ஆயா சுட்ட சீப்புச்சீடை ஒரு டப்பா குடுத்துட்டு வந்தேன்.

ஆங், சொல்ல மறந்துட்டேன், கழட்டுறதுக்கு முன்னாடி பானெட் ஓரத்துலயும் பம்பர்லயும் மாஸ்கிங் டேப் ஒட்டிருங்க, ஸ்பேனர் வழுக்குனா பெயின்ட் போயிரும்.

பழைய மெஷ்ஷ தூக்கிப் போடல, புடிக்காட்டியும் அது வண்டியோட வந்தது, வேட்டியில சுத்தி ரெண்டாங்கட்டு பரண்ல வச்சிருக்கேன். சாயங்காலம் ஆயா திண்ணையிலேர்ந்து எறங்கி வந்து பட்டைய ஒவ்வொண்ணா தடவிப் பாத்தாங்க, "பல்லு கட்டுனாப்புல இருக்குடா அப்பச்சி"ன்னாங்க. கீழ இடது பக்க போல்ட் மட்டும் கொஞ்சம் நீளம், வெளிய துருத்திக்கிட்டு நிக்குது, திங்கக்கிழமை அண்ணன்கிட்ட குடுத்து அறுத்துட்டு வரணும்.