பட்டப்பெயர் பெற்ற துப்பாக்கிகள்

(காரைக்குடியில் பழம்பொருள் ஆர்வலர்கள் நடுவே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, பழம்பொருள் கடைகளைச் சலித்துவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் ஊர் வீடுகளின் முகப்பை அண்ணாந்து பார்த்தால், கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் சுதையில் சிப்பாய் நிற்பான். கையில் துப்பாக்கி இருக்கும். அந்தத் துப்பாக்கிக்குப் பெயர் கிடையாது. சில வீடுகளில் உள்ளே பீரோவில் உரிமத்தோடு இருந்த இரட்டைக்குழலுக்குத்தான் பெயர். ஒரு துப்பாக்கிக்குப் பெயர் எப்படி விழுகிறது, அந்தப் பெயரை வைத்து அந்தத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம், எதை நம்பக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெயர்கள் மூன்று வழியில் வருகின்றன. சாமி பெயரும் வெற்றிப் பெயரும் ஒரு வகை. வீட்டு மனுஷர் பெயர்போல வைப்பது இன்னொன்று. மூன்றாவது, அதன் குணத்தைப் பார்த்து வைப்பது. முதல் இரண்டும் வைத்தவரைப் பற்றிச் சொல்லும். மூன்றாவதுதான் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லும். அதனால் முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சாமி பெயருக்கு வெகுதூரம் போக வேண்டாம். தஞ்சாவூர் கீழவாசலில் மேட்டின் மேல் கிடக்கிற பீரங்கி ராஜகோபாலன். நாயக்க மன்னர்கள் கொண்டாடிய மன்னார்குடிப் பெருமாளின் பெயர் அது. நீளம் ஏறக்குறைய ஏழரை மீட்டர். அதை வார்த்துச் செய்யவில்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாக மாட்டி, உலைச்சூட்டில் அடித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் போய் நின்றால் வளையங்களின் விளிம்பு கண்ணுக்கே தெரியும்.

வெற்றிப் பெயர் என்றால் அக்பரின் ‘சங்கிராம்’. போர் என்று பொருள். 1568இல் சித்தூர்க் கோட்டை முற்றுகையில், கோட்டையைக் காத்துநின்ற தளபதி ஜெய்மலை வீழ்த்தியது இந்தத் துப்பாக்கிதான். அதைக் கொண்டு அக்பர் வேட்டையாடிய விலங்குகள் 1,019 என்று அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்த 1,019ஐ விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அக்பரின் ஆயுதசாலையில் துப்பாக்கிகளுக்குக் குறிப்பு வைத்திருந்தார்கள்: இரும்பு எங்கிருந்து வந்தது, செய்த கம்மியன் யார், எந்த ஊரில், எந்தத் தேதியில், வரிசை எண் என்ன என்று. பெயரும் இருந்தது, பதிவும் இருந்தது. நம் வீடுகளில் பெயர் மட்டும் நிற்கிறது, பதிவு காணாமல் போய்விடுகிறது.

மனுஷப் பெயரில் அமெரிக்கர்களை மிஞ்ச ஆளில்லை. எல்லைப்புற வேட்டைக்காரர் டேவி கிராக்கெட்டின் ரைபிள் ‘பெட்ஸி’. 1834இல் பிலடெல்பியாவில் அவருக்கு அலங்கார ரைபிள் ஒன்று பரிசாக வந்தபோது அதுவும் ‘அழகு பெட்ஸி’ ஆகிவிட்டது. எருமை வேட்டைக்காரர் பஃபலோ பில், தன் 50 காலிபர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு இத்தாலிய வரலாற்றில் விஷத்துக்குப் பேர்போன லுக்ரேசியா போர்ஜியாவின் பெயரை வைத்தார். டேனியல் பூனின் துப்பாக்கி ‘உண்ணி நக்கி’. மிருகத்தின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியைக்கூடக் குறிபார்த்து எடுத்துவிடுமாம். வேட்டைக்காரர் பேச்சுக்குப் பாதி விலை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது வகை. இலங்கையிலும் நைல் நதிப் பக்கமும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், லண்டனில் துப்பாக்கி செய்யும் ஹாலண்டிடம் தனியாகச் சொல்லி ஒற்றைக்குழல் ஒன்று செய்து வாங்கினார். எடை 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. அது சுடும் குண்டு அரை பவுண்டு, 227 கிராம். பெயர் ‘பாப்பா’. கூட இருந்த அரபியர் ‘பீரங்கிக் குட்டி’ என்றார்கள். அந்தப் பெயரே பொருத்தம். சுட்டால் ஆளையே சுழற்றிவிடும் என்று பேக்கரே எழுதியிருக்கிறார். அவ்வளவு ஆசையாகச் செய்து வாங்கியதை அவர் எடுத்தது மிகச் சில தடவைதான்.

அது ஏன் அப்படி உதைத்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலர் கிரீனர் சொன்ன 96 மடங்குக் கணக்கு: துப்பாக்கியின் எடை, அது தள்ளும் ரவையின், அதாவது சிறு ஈயக் குண்டுகளின், எடையைப் போல் 96 மடங்காவது இருக்க வேண்டும். 12 போர் (bore) என்ற குழலளவுத் தோட்டாவில் ரவை ஒன்றே அரைக்கால் அவுன்ஸ், 32 கிராம். 96ஆல் பெருக்கினால் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நல்ல இரட்டைக்குழல்கள் அந்த எடையில்தான் வருகின்றன. ‘பாப்பா’வுக்கு இதே கணக்கைப் போடுங்கள். கிட்டத்தட்ட 22 கிலோ இருந்திருக்க வேண்டும். இருந்தது 9. கணக்கு ரவைத் துப்பாக்கிக்குச் சொன்னதுதான், ஆனாலும் திசை புரிகிறதல்லவா?

ஆகவே உங்கள் பாட்டையா காலத்துத் துப்பாக்கியை வீட்டில் ‘கழுதை’ என்று சொல்லி வந்தார்கள் என்றால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். கழுதை எதற்கு உதைக்கிறது? மூன்று காரணம் பார்க்க வேண்டும். ஒன்று, எடை குறைந்த துப்பாக்கியில் பலமான தோட்டா. இரண்டு, தோளில் வைக்கிற மரக்கட்டை சுட்டவருக்குக் குட்டை. தோளில் பொருந்தாமல் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். மூன்றாவதுதான் ஆபத்து: தோட்டா அறையின் நீளம்.

பழைய இங்கிலீஷ் 12 போர் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். பிற்காலத் தோட்டாக்களில் 70 மில்லிமீட்டர் அதிகம். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், 70 தோட்டா 65 அறைக்குள் சுகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். மடித்து மூடிய நிலையில் அதைவிடக் குட்டைதான். உள்ளே போனது, மூடியது, எனவே சரி என்று நினைக்கிறோம். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னே குழல் குறுகுகிற வாய்க்குள் போய்த் திணறுகிறது. ரவையும் அதற்குப் பின்னால் உள்ள அடைப்பும் அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு போக, அழுத்தம் ஏறுகிறது. தோளில் உதை. நாளடைவில் பூட்டு தளரும். கெட்ட நாளில் குழல் வெடிக்கும். இத்தனையையும் ‘கழுதை’ என்ற ஒரு சொல்லில் அடக்கி, பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

இதைப் பார்க்கத் துப்பாக்கியைச் சுட வேண்டியதில்லை. முதலில் மடக்கித் திறந்து, இரண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அதற்கு முன் வேறு எதுவும் வேண்டாம். பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியாக எடுங்கள். குழலின் அடிப்பக்கம், அறைக்குக் கீழே உள்ள தட்டையான பரப்பில்தான் ஜாதகம் எழுதியிருக்கிறது. இங்கிலீஷ் துப்பாக்கி என்றால் கிரீடமும் எழுத்துகளுமாகப் புரூஃப் முத்திரைகள், அதாவது சோதித்துத் தேறியதற்கான முத்திரைகள் இருக்கும். வைர வடிவத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்தும் இருந்தால் அது அறையைப் பற்றிய குறி. ‘நைட்ரோ புரூஃப்’ என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்திருக்கிறார்கள். இல்லையென்றால் அது கரிமருந்துக் காலத்துக் குழலாக இருக்கலாம். அப்படியானால் அதில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. குழலின் மேல் விரியன் உடம்பு மாதிரி சுருள் சுருளாக வரி ஓடினால் டமாஸ்கஸ். இரும்பையும் எஃகையும் கம்பியாக முறுக்கி, உருளையில் சுற்றி, அடித்து ஒட்டியது. சுவரில் மாட்ட அதைவிட அழகு இல்லை. ஆனால் ஒட்டிய இடங்களுக்கு நடுவே உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து குழலின் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்க வேண்டும். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டை ஈயப்பற்று விட்டிருக்கிறது. அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். ஒளிவளையங்கள் வட்டம் வட்டமாகக் கலையாமல் ஓட வேண்டும். ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே ஒடுக்கு. குழலைச் சுற்றி முழு வளையமாக ஒரு நிழல் நின்றால் அங்கே உப்பியிருக்கிறது; என்றைக்கோ குழலுக்குள் ஏதோ அடைத்திருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். உப்பிய குழலை எந்தப் பெயர் சொல்லியும் காப்பாற்ற முடியாது.

வேறு குணப்பெயர்களையும் இப்படியே படிக்கலாம். ‘ஊமை’ என்றால் விசை இழுத்தும் வெடிக்காதது. பெரும்பாலும் உள்ளே சுருள்வில் தளர்ந்து, குதிரையின் (சுத்தியலின்) அடி தோட்டாவின் அடிப்பக்கத்தில் ஆழமாகப் பதியவில்லை. தாமதமாக வெடிக்கவும் கூடும். ஆகவே விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழல்வாய் யாருமில்லாத பக்கம் இருக்க அரை நிமிடமாவது பொறுத்துத்தான் திறக்க வேண்டும். ‘ரெட்டை வெடி’ என்றால் ஒரு விசைக்கு இரண்டு குழலும் வெடித்தது. குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கிப் பல் தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘வலம்தள்ளி’ என்பதற்குத் துப்பாக்கியைக் குறைசொல்ல வேண்டியதில்லை. வலக்கைக்காரருக்கென்று கட்டையைச் சற்று வெளியே வளைத்துச் செய்வது வழக்கம். இடக்கைக்காரர் எடுத்தால் ரவை தள்ளித்தான் விழும்.

படைத் துப்பாக்கிக்கும் பட்டப்பெயர் உண்டு. கும்பினிப் படையின் ‘பிரௌன் பெஸ்’. இதன் இந்திய வடிவத்தில் குழல் 39 அங்குலம். 1801இல் காளையார்கோவில் காட்டுக்கும் திருப்பத்தூருக்கும் வந்த படைகளின் காலத்துத் துப்பாக்கி இதுதான். குழல்வாய் முக்கால் அங்குலம், போடும் குண்டோ அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சின்னது. கரிமருந்து கரி அடைத்த பிறகும் குண்டு சிக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காக அப்படி. வேகமாக நிரப்பலாம், ஆனால் குண்டு குழலுக்குள் மாறி மாறி இடித்துக்கொண்டே போகும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிவைப்பது வீண்வேலை. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டதற்கு அதுதான் காரணம்.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். சந்தனமும் குங்குமமும் வைப்பதை வேண்டாம் என்று நான் சொன்னால் ஆச்சிமார் என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். வையுங்கள், ஆனால் கட்டையின் மேல் வையுங்கள், இரும்பில் வேண்டாம். சந்தனம் ஈரம், குங்குமத்தில் சுண்ணாம்புக் காரம். மறுநாள் வரை விட்டால், நீலம் ஏற்றிய குழலில் விரல் வைத்த இடமெல்லாம் வட்டமாகத் துருப் பதியும். அதைத் தேய்த்தெடுத்தால் நீலமும் போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். காற்றுப் பட்டுப் பிசினாகிப் பூட்டுக்குள் இறங்கும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் காப்பாக நிற்காது. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும். வெல்வெட் உறையில் நிரந்தரமாக வைக்காதீர்கள், ஐப்பசி மழையில் உறை ஈரத்தைக் குடித்துத் துப்பாக்கிக்கு ஊட்டும். நிறுத்தி வைத்தால் குழல்வாய் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் எண்ணெய் இறங்கிக் கட்டையின் தலை ஊறிப் பஞ்சாகிவிடும்.

சிலர் பெயரைக் குழலில் பொறித்துவிடுகிறார்கள். சேகரிப்பாளர் விலையில் அது பாதியைத் தின்றுவிடும். அதைவிட முக்கியம், எண் இருக்கும் பக்கம் கைவைக்கவே கூடாது. துப்பாக்கியில் பதித்த எண்ணையோ குறியையோ அழிப்பதும் மாற்றுவதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தடைசெய்யப்பட்டது. பெயரை ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன பெயர், யார் வைத்தது, ஏன் வைத்தார்கள், யார் சொல்லக் கேட்டது, துப்பாக்கியின் எண் என்ன. ஹாலண்ட், பர்டி, ரிக்பி போன்ற பழைய நிறுவனங்களிடம் எண்வாரியான பேரேடுகள் இருக்கின்றன. எண்ணை எழுதிக் கேட்டால், எந்த ஆண்டு யாருக்கு விற்றது என்ற தகவல் கிடைக்க வாய்ப்புண்டு. குழலின் மேல் மெட்ராஸ், ரங்கூன் என்று கடைப்பெயர் பார்த்தால் அவரே செய்தவர் என்று எண்ண வேண்டாம். மவுன்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்றது. செய்தது வேறொரு பட்டறையாக இருக்கும். அடிப்பக்க முத்திரைதான் அதைச் சொல்லும்.

கடைசியாக உரிமம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு பழைய வேட்டை முடிந்தது. இன்று கையில் இருப்பது காவலுக்கோ கிளப்புக்கோ உள்ள துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பெயரில் இரண்டுக்கு மேல் கூடாது. உரிமதாரர் காலமானால் துப்பாக்கி அப்படியே மகன் பீரோவுக்கு மாறிவிடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுச் சான்றோடு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். வாய்வழி நிரப்பும் பழைய துப்பாக்கிக்கும் இதே கதைதான், ‘அது சும்மா சுவரில் தொங்குவது’ என்றால் கேட்க மாட்டார்கள். தேர்தல் வரும்போது ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வருகிறீர்களே, அப்போது தரும் ரசீதில் குழல் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ‘டி.பி.பி.எல். ஒன்று’, அதாவது பின்பக்கம் நிரப்பும் இரட்டைக்குழல் ஒன்று, என்று மட்டும் எழுதியிருந்தால் எண்ணையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது ஒரே அலமாரியில் பத்து இரட்டைக்குழல் சாய்ந்து நிற்கும்.