கோட்டை என்ற பெயரில் ஒரு கலெக்டர் ஆபீஸ்

ஜப்பானியக் கோட்டை என்றதும் அடுக்கடுக்காகக் கூரை வைத்த வெள்ளைக் கோபுரம்தானே நினைவுக்கு வருகிறது? இன்று அதை மறந்துவிடுங்கள். நான் பேசப்போகும் தாகாஜோ அதற்கெல்லாம் 800 ஆண்டு மூத்தது. 724-இல் பேரரசின் வடகிழக்கு எல்லையில், இன்றைய செண்டாய் நகருக்குப் பக்கத்தில் கட்டினார்கள். அந்த எல்லைக்கு அப்பால், பேரரசுக்கு அடங்காத எமிஷி என்ற வடகிழக்கு மக்கள்.

வெளிச்சுவர் பக்கத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர், கோணல்மாணலான சதுரம். மண்ணைக் கொட்டிக் கொட்டி இடித்துக் கெட்டியாக்கி எழுப்பிய சுவர், சதுப்பான இடத்தில் மட்டும் மரத்தூண் வேலி. சரி, நடுவில் என்ன இருந்தது? படைக்கொட்டில் இல்லை, அரசாங்க ஆபீஸ். சுமார் 100 மீட்டர் சதுர மதிலுக்குள் ஒரு மண்டபம், முற்றம், இருபுறமும் கட்டடங்கள். முத்சு மாகாணத்தின் நிர்வாகமே இங்கிருந்துதான்.

அதற்குச் சாட்சியும் மண்ணுக்குள்ளேயே கிடைத்தது. பாத்திரங்களுக்கு மெருகு பூசும் உருஷி என்ற மரப்பால் காற்றுப்பட்டு இறுகாமலிருக்க, பாத்திரத்தின் மேல் பழைய ஆபீஸ் காகிதத்தைப் போட்டு மூடுவார்கள். அந்தப் பால் ஊறிய காகிதம் மட்டும் மக்கவில்லை. தோண்டியவர்கள் முதலில் தோல் துண்டு என்றே நினைத்தார்கள். அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் எழுத்து, கணக்கு, நாட்காட்டி!

சுவர் காப்பாற்றியதா என்றால், இல்லை. 780-இல் அசமரோ என்ற எமிஷி தலைவர் கலகம் செய்தார். அவர் வெளியாள் அல்ல, அரசே பதவி கொடுத்து வைத்திருந்த மாவட்டத் தலைவர்தான். கூட வேலை பார்த்த ஒருவர் அவரை எமிஷி என்று இழிவாக நடத்திவந்தாராம். இழிவாக நடத்திய அந்த ஆளையும் மேலதிகாரியையும் வேறொரு கோட்டையில் கொன்றார்கள், சில நாளில் தாகாஜோ சூறையாடப்பட்டு எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 802-இல் ராணுவத் தலைமையகம் வடக்கே இசாவாவுக்குப் போக ஆரம்பித்தது, 869-இல் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும், அதிலிருந்தும் எழுந்தது.

அப்புறம் அங்கே ஒரு கல்வெட்டு. 762-இல் கோட்டையைப் புதுப்பித்த ஃபுஜிவாரா நோ அசகாரி நட்டது, 141 எழுத்து. தலைநகருக்கு 1500 ரி (அந்தக் காலத் தூர அளவு), எமிஷி எல்லைக்கு 120 ரி என்று தூரம் போட்டிருக்கிறது. நட்டவர் இரண்டே ஆண்டில், தந்தையின் கலகம் தோற்றபோது கொல்லப்பட்டார். கல்லைப் போலி என்று மெய்ஜி காலத்து (1868–1912) அறிஞர்கள் ஒதுக்கினார்கள். ஆனால் அகழாய்வில் கல் சொல்லும் 724, 762 என்ற அதே இரண்டு காலத்துக் கட்டுமானமும், இரண்டாவதின் மேல் எரிந்த மண்ணும் வரிசையாக வந்தன. 2024-இல் அது தேசியப் பொக்கிஷம் ஆகிவிட்டது. இப்போதும் சின்ன மரக்கூண்டுக்குள்தான் நிற்கிறது, மரச்சட்ட இடுக்கு வழியாக எட்டிப் பார்க்க வேண்டும்.