கீறல்கூடப் படக் கூடாத அபலோன்

வணக்கம். சங்கு, சிப்பி, மட்டி எல்லாம் நமக்குப் பழக்கம். அபலோன் என்றால் பலருக்கும் தெரியாது. அதுவும் ஒரு கடல் நத்தைதான். காது மடலைப் போல ஒற்றை ஓடு, அதன் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். சிறிய வகை ஒன்று நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. ஆனால் இன்று நான் சொல்ல வந்தது கலிபோர்னியாவின் கருப்பு அபலோன் கதை.

1980களின் நடுவில், அங்கே தெற்குத் தீவுகளில் இவை பாறையிலிருந்து உதிரத் தொடங்கின. காரணம், குடலைத் தாக்கும் ஒரு பாக்டீரியா. தின்றது செரிக்காமல் போக, உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும். பாறையைப் பற்றியிருக்கும் கால் சுருங்கிவிடும். கடல்நீர் சூடானால் நோய் இன்னும் வேகமெடுக்கும். தெற்கே பல இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மடிந்தன. 1993இல் பிடிக்கத் தடை வந்தது. 2009இல் அழிந்துவரும் உயிரினம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது.

பிடிப்பதை நிறுத்தினால் தானாகப் பெருகிவிடாதா? அங்கேதான் சிக்கல். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் கடல்நீரில் விட்டுவிடும். இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் கரு உருவாகும். எட்ட எட்ட இருந்தால் எல்லாம் அலையோடு போச்சு. ஆகவே இருப்பவற்றை எடுத்து, வெறுமையான பாறைகளில் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. சரி, எங்கிருந்து எடுத்து எங்கே வைப்பது? அந்தந்த இடத்துக்கென்று பழகிப்போன தனித்தனிக் கூட்டங்களாக இருந்தால், கலப்பதே கெடுதலாகலாம்.

இதற்கு மரபணுவைப் படிக்க வேண்டும். ஆனால் அபலோனின் ரத்தம் நம்முடையதைப் போல உறையாது. சின்னக் கீறலே அதன் உயிரைப் பறிக்கலாம். அதனால் காது குடையும் பஞ்சுக் குச்சி மாதிரி ஒன்றால் அதன் உடம்பை மெல்லத் துடைத்து எடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குச்சியில் வழவழப்போடு கண்ட கண்ட நுண்ணுயிரின் டிஎன்ஏவும் ஒட்டிக்கொண்டு வரும். எது அபலோனுடையது என்று பிரித்தறிய, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழு மரபணுத் தொகுதி வேண்டும். சாந்தா குரூஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2022இல் அதை வெளியிட்டார்கள்.

அப்புறம் கரையோரம் நெடுகத் துடைத்தெடுத்த மாதிரிகளைப் படித்தார்கள். பயந்ததுபோல் இல்லை. இத்தனை சாவுக்குப் பிறகும் மரபணு வேறுபாடு பெரிதாகக் குறையவில்லை, கூட்டங்களும் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கவில்லை. இடம் மாற்றுகிறவர்களுக்கு இது பெரிய தெம்பு. 2020இல் கலிபோர்னியாவின் நடுக்கரையிலுள்ள பிக் சர் மலைக்காடு தீப்பற்றி, 2021 ஜனவரி மழையில் சேறு சரிந்து கரைப்பாறைகளை மூடியபோது, அங்கிருந்து தோண்டி மீட்ட அபலோன்களையும் எங்காவது விட்டாக வேண்டியிருந்ததே!

இன்னொரு கேள்வி பாக்கி. அந்தத் தெற்குத் தீவுகளில் ஒன்றான சான் நிக்கோலஸில் நோய்க்குத் தப்பியவை மெல்லப் பெருகிவருகின்றன. அவற்றுக்கே எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா? அந்தப் பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ் ஒன்றும் உண்டு, அதன் புண்ணியமா? அதற்கும் பஞ்சுக் குச்சியோடுதான் பாறைக்குப் போக வேண்டும்.