முப்பது நாளுக்குள் ஒரு கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

கணவர் இறந்த வீட்டில் அவர் ஓட்டிய வண்டி வாசலிலேயே நிற்கும். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். அப்புறம் ஒரு நாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவோ ரேஷன் கடைக்குப் போகவோ யாராவது சாவியை எடுப்பார்கள். வண்டி மறுபடி ஓடத் தொடங்கிவிடும். ஆர்சி புத்தகத்தில் மட்டும் இறந்தவர் பெயரே இருக்கும். ஐந்து வருஷம், பத்து வருஷம்கூட அப்படியே இருந்துவிடுகிற வீடுகள் உண்டு.

நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், அதாவது நாம் எல்லோரும் ஆர்டிஓ ஆபீஸ் என்று சொல்லுகிற இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியைத் தங்கள் பெயருக்கு மாற்றுவதற்காக வந்த பெண்களில் பெரும்பாலோர் எங்காவது மாட்டிக்கொண்ட பிறகுதான் வந்தார்கள். வண்டி யார் மேலாவது மோதியிருக்கும். இல்லையென்றால் விற்கப் போன இடத்தில், "அவர் கையெழுத்து வேணுமே" என்று கேட்டிருப்பார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் இந்த அம்மாவுக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காதே என்று பல தடவை மனசு வலித்திருக்கிறது. அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 50 ஆவது பிரிவு, 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56 ஆவது விதி. இரண்டும் சேர்ந்து சொல்வது இதுதான்: உரிமையாளர் இறந்துவிட்டால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் முப்பது நாளுக்குள் இறப்பையும், வண்டியைத் தான் பயன்படுத்தப்போகிறேன் என்பதையும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால், மூன்று மாதம் வரை அந்த வண்டியைத் தன் பெயருக்கு மாறிவிட்டது போலவே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பம் போட்டுப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரணமாக வண்டி விற்கும்போது போடுகிற 29, 30 படிவங்கள் இதற்கு வேண்டாம். இறப்பினால் வரும் மாற்றத்துக்கென்றே இருப்பது 31.

இந்த முப்பது நாளும் மூன்று மாதமும் இறந்த தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. நம் வீடுகளில் அந்த முதல் முப்பது நாள் எப்படிக் கழிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பதினாறு முடிந்தாலும், முப்பது கும்பிடும்வரை வெளியே போகக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இஸ்லாமியப் பெண்களுக்கு இத்தா என்கிற காத்திருப்புக் காலம் நான்கு மாதம் பத்து நாள்; சட்டம் கொடுக்கிற மூன்று மாதத்தைவிட நீளம். துக்கத்துக்கென்று ஒதுக்கிய அதே நாட்களுக்குள் சட்டத்தின் கெடுவும் ஓடி முடிந்துவிடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் அந்தக் கெடுவைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்லவும் யாரும் வருவதில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா, முப்பது நாளுக்குள் நீங்கள் நேரில் எங்கும் போகத் தேவையில்லை. ஒரு கடிதம் எழுதினால் போதும். "இன்ன எண்ணுள்ள வாகனத்தின் உரிமையாளரான என் கணவர் இன்ன தேதியில் காலமானார். அந்த வாகனம் இப்போது என் பொறுப்பில் உள்ளது. அதைத் தொடர்ந்து நான் பயன்படுத்த விரும்புகிறேன். பெயர் மாற்றத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பிப்பேன்." அவ்வளவுதான். உங்கள் கையெழுத்து, தேதி, இறப்புச் சான்றிதழ் நகல், ஆர்சி நகல். மகனோ தம்பியோ கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரை வாங்கிவரட்டும். ஆள் இல்லையென்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாரிசுச் சான்றிதழ் அப்போது கையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது வருவதற்காகக் காத்திருந்து கடிதத்தைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று சிலர் குழம்புகிறார்கள். கணவரோடு கோயம்புத்தூரில் இருந்தீர்கள், இப்போது திண்டுக்கல்லில் தாய்வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், வண்டியும் உங்களோடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எடுத்துக்கொள்கிறவர் எங்கே குடியிருக்கிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அந்த எல்லைக்குரிய அலுவலகம் என்றுதான் சட்டம் சொல்கிறது.

இனி காகிதங்கள். விதியைப் பார்த்தால் மூன்றே மூன்றுதான் கேட்கிறது: இறப்புச் சான்றிதழ், ஆர்சி, இன்சூரன்ஸ். நடைமுறையில் அதோடு நிற்பதில்லை. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், ஆதார், புகைச் சான்று எல்லாம் கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வண்டியும் சொத்துத்தான். ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகு இன்னொரு வாரிசு வந்து எனக்கும் பங்கு உண்டு என்றால் அலுவலகம் பதில் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலரும் எதிர்பாராத ஒரு கையெழுத்து தேவைப்படுகிறது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் இவர்களோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. அதாவது உங்கள் மாமியார். உறவு நன்றாக இருக்கிற வீட்டில் இது ஒரு நிமிஷ வேலை. துக்கத்தின் சூட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் இந்த ஒரு கையெழுத்துக்காக வண்டி வருஷக்கணக்கில் கிடக்கும். மாமியார்களுக்கும் நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மகனைப் பறிகொடுத்த உங்கள் வேதனைக்கு முன்னால் வண்டி பெரிய விஷயமில்லை. ஆனால் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போவது அந்த வண்டிதான். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே அந்தக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. ஆனால் வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் வருகிறதோ அவர்கள் சம்மதம் வேண்டும் என்ற நடைமுறை ஒன்றுதான். பிள்ளைகள் மைனர் என்றால் அவர்களால் சம்மதக் கடிதம் தர முடியாது. தாயே காப்பாளராக உறுதிமொழி தருவது வழக்கம்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு தாசில்தாரிடம் போகும். வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் இறப்புச் சான்றிதழ் வந்ததுமே இதற்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.

இறப்புச் சான்றிதழில் ஒரு விஷயம் கவனியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆர்சியில் "எம். செல்வராஜ்" என்று இருக்கும். ஆதாரில் "செல்வராஜ் முத்தையா" என்று இருக்கும். ஆஸ்பத்திரியில் அவசரத்தில் யாரோ "செல்வம்" என்று சொல்லியிருப்பார்கள், சான்றிதழும் அந்தப் பெயரிலேயே வந்துவிடும். பிறகு மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அப்போதே ஆதார் அட்டையைக் காட்டி அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் யாராவது படித்தவன் இருந்தால் அவனையாவது கூட அனுப்புங்கள்.

இன்னொன்று, கணவருடைய செல்போன் எண்ணை உடனே துண்டித்துவிடாதீர்கள். போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டியோடு சேர்ந்திருப்பது பெரும்பாலும் அவருடைய எண்தான். ஓடிபி அதற்குத்தான் வரும். சிக்னல் தாண்டியதற்கான அபராதத் தகவலும் அதற்கே வரும்.

இப்போது நான் மிகவும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியது. "இதுக்கெல்லாம் ஏம்மா அலையுறீங்க, 29லயும் 30லயும் உங்க வீட்டுக்காரர் கையெழுத்த நீங்களே போட்டுடுங்க, வித்த மாதிரி மாத்திடலாம்" என்று சொல்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். இறந்தவர் கையெழுத்தைப் போடுவது மோசடி ஆவணம் தயாரிப்பது. அது குற்றம். அந்தக் காகிதத்தில் இருக்கப்போவது புரோக்கர் பெயர் இல்லை, உங்கள் பெயர். பிற்பாடு வாரிசு ஒருவர் புகார் எழுதிப் போட்டால், இறந்த தேதியையும் கையெழுத்துத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வெளிப்பட்டுவிடும். நேர் வழியிலேயே முடியக்கூடிய வேலைக்கு இந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

அதேபோல, எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள், கணவரின் அண்ணன் தம்பியே ஆனாலும். "வண்டிய நான் பாத்துக்கிறேன் அண்ணி" என்று அன்போடு எடுத்துப் போகிறவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் ஓட்டும்போது விபத்து நடந்து, பெயரும் மாறாமல் இன்சூரன்ஸும் செல்லாமல் இருந்தால், நஷ்டஈடு கேட்கிறவர்கள் இறந்தவரின் வாரிசுகளையும் வழக்கில் சேர்ப்பார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது விற்றுக் கைமாறிய வண்டியைப் பற்றிய தீர்ப்பு. என்றாலும் ஆர்சியில் உள்ள பெயருக்கு எத்தனை கனம் என்று அதிலிருந்து புரியும்.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். உரிமையாளர் இறந்த அன்றே பாலிசி செத்துவிடாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடிகிற தேதி, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது புதிதாக எடுக்க வேண்டும். வீடுகளில் என்ன நடக்கிறது? பாலிசி முடிகிறது என்று போனில் செய்தி வரும். மகன் இறந்தவர் பெயரிலேயே ஆன்லைனில் பணம் கட்டிவிடுவான். சாலையில் காவலர் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும். விபத்து என்று வந்தால், இல்லாத ஒருவரோடு போட்ட ஒப்பந்தம் என்று நிறுவனம் கேள்வி எழுப்பும். கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். முறையாக மாற்றினால் இன்னொரு நன்மையும் உண்டு. கணவர் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியை எடுத்துக்கொள்ளும் மனைவிக்குத் தொடரும்.

அவர் அந்த வண்டியை ஓட்டும்போதே விபத்தில் இறந்திருந்தால், பாலிசித் தாளைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒரு வரி இருக்கும். 2018 முதல் அதன் தொகை குறைந்தபட்சம் 15 லட்சம் ரூபாய். அவருக்குச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்திருக்க வேண்டும், அந்தக் காப்புக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். எதிரே வந்தவர் மேல் தவறு இல்லாவிட்டாலும், கணவரே தடுமாறி விழுந்திருந்தாலும் இந்தத் தொகையைக் கேட்கலாம். இது தெரியாமல், பழைய இரும்பு விலைக்கு வண்டியைப் போட்டுவிட்டுப் பாலிசியையும் கிழித்தெறிந்த குடும்பங்கள் இருக்கின்றன. நினைத்தால் இன்றும் ஆறவில்லை. விபத்து வண்டி காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடித்துக் கிடந்தால், வாரிசு என்ற முறையில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு மீட்கலாம்.

வண்டி மேல் கடன் இருந்தால் ஆர்சியில் வங்கியின் பெயர் இருக்கும். கடனுக்குக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். வசூலுக்கு வருகிறவர் சொல்வதை மட்டும் நம்பி வண்டியை ஒப்படைக்க வேண்டாம்.

ஆட்டோ, டாக்சி, சரக்கு வண்டி வைத்திருந்தவர்களின் மனைவிமார் கவனிக்க. உங்களுக்கு ஆர்சி மட்டும் போதாது, பெர்மிட்டும் மாற வேண்டும். அதற்குச் சட்டத்தின் 82 ஆவது பிரிவு. அங்கேயும் அதே முப்பது நாள், அதே மூன்று மாதம். ஆனால் பெர்மிட் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே முடிவதாக இருந்தால், முடிகிற தேதிக்கு மேல் ஓட்ட முடியாது. நீங்கள் ஆட்டோ ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பெயரில் மாற்றிக்கொண்டு, உரிமம் உள்ள ஓட்டுநரிடம் வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்துகிற பெண்கள் எத்தனையோ பேர். கணவர் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தாரா என்று பாருங்கள். இருந்திருந்தால் இறப்பு உதவித்தொகைக்கும் எழுதிப் போடலாம்.

மனைவியை இழந்த ஆண்களுக்கும் இதே நடைமுறைதான். மனைவி பெயரில் வாங்கிய ஸ்கூட்டி அப்பா பெயருக்கு மாறாமல் மகள் கல்லூரிக்கு ஓட்டிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கெடு தாண்டிவிட்டதே என்று கேட்பவர்கள் பயப்பட வேண்டாம். தாமதமானாலும் பெயர் மாற்றித் தருவார்கள். தாமதத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கலாம். ஆனால் அதுவரை அந்த வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள்.

கணவன் மனைவி இருவருமாகச் சேர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு வேலை. 2021இல் விதியைத் திருத்தி, வங்கிக் கணக்கைப் போல ஆர்சியிலும் நாமினி பெயரைச் சேர்க்க வழி செய்திருக்கிறார்கள். புது வண்டி பதியும்போதே சேர்க்கலாம், பழைய வண்டிக்குப் பரிவாஹன் தளத்தில் பிறகும் சேர்க்கலாம், மாற்றவும் செய்யலாம். நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழோடு படிவம் 31 போட்டுப் பெயர் மாற்றுவது சுலபம். சொத்தில் மற்ற வாரிசுகளுக்குள்ள பங்கு என்பது தனிக் கேள்வி. ஆனால் வண்டி ஓடுவதற்கு அது தடையாக நிற்காது. இந்த வாரக் கடைசியில் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். நாமினி பெயர் இருக்கிறதா, சேர்ந்திருக்கும் போன் எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா, ஆர்சியிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒத்துப்போகிறதா என்ற மூன்றையும் சரி செய்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.