மழலையர் வகுப்பில் ஆங்கிலச் சொற்கள்: படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழக்குதல்

நேயர்களுக்கு வணக்கம்.

எல்.கே.ஜி. வகுப்பில் டீச்சர் "லேடர்" என்கிறார். இருபது பிள்ளைகளும் "லேடர்" என்று உரக்கச் சொல்கிறார்கள். மாலையில் வீட்டில் ஏணியைக் காட்டி "இது இங்கிலீஷ்ல என்ன கண்ணு?" என்று அம்மா கேட்டால் பிள்ளை விழிக்கிறது. மறந்துவிட்டது என்று அம்மா நினைக்கிறார். மறக்கவில்லை, பிள்ளை அதைக் கற்கவே இல்லை. கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லத்தான் பழகியிருக்கிறது. ஒலியைக் கேட்டு அப்படியே சொல்வது ஒரு நடத்தை, பொருளைப் பார்த்துப் பெயர் சொல்வது வேறொரு நடத்தை என்று அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1957-இலேயே பிரித்துக் காட்டினார். பெயரைக் கேட்டுப் படத்தைத் தொட்டுக் காட்டுவதும் தனித் திறன்தான். எந்தத் திறன் வேண்டுமோ அதை நேரடியாகப் பழக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஸ், பக்கெட், சேர், ஸ்பூன் எல்லாம் நம் வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றைப் புதிதாகக் கற்பித்ததாகக் கணக்கு வைக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு படங்களைக் காட்டி ஆங்கிலப் பெயரைக் கேளுங்கள். மறுநாளும் கேளுங்கள். இரண்டு முறையும் சொல்லத் தெரியாத, ஆனால் தமிழ்ப் பெயர் தெரிந்த நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணி, காகம், தேங்காய், துடைப்பம் என்று வையுங்கள். பழங்கள் மட்டும், விலங்குகள் மட்டும் என்று சார்ட் போல ஒரே இனமாக எடுத்தால் குழப்பம் கூடும். ஆட்டுக்கும் மேல்சட்டைக்கும் உள்ள ஆங்கிலப் பெயர்கள் (goat, coat) நம் பிள்ளைகளின் காதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும். அவற்றை ஒரே தொகுப்பில் சேர்க்க வேண்டாம். "ப்ரூம்" என்பதைப் பிள்ளை "புரூம்" என்று சொன்னால் ஏற்பதா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மூன்று, நான்கு வயதில் ஏற்கலாம். ஒருநாள் ஏற்று, மறுநாள் திருத்தினால் பிள்ளை வாய் திறக்கத் தயங்கும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் வெவ்வேறு தோற்றத்தில் மூன்று படங்கள் வேண்டும். இரண்டு பயிற்சிக்கு, மூன்றாவதைச் சோதனைக்காக எடுத்து வையுங்கள். ஒரு சுற்றுக்கு 12 முறை காட்டினால் போதும்: நான்கு சொற்கள், ஒவ்வொன்றும் மூன்று முறை, வரிசையைக் கலைத்து. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் இரண்டு சுற்றுகளில் படத்தைக் காட்டி "இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டவுடன் நீங்களே விடையைச் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். அடுத்த சுற்றில் இரண்டு விநாடி பொறுத்து, பிறகு நான்கு விநாடி பொறுத்து விடையைச் சொல்லுங்கள். உங்கள் உதவிக்கு முன்பே பிள்ளை சொல்லிவிட்டால் உற்சாகமாகப் பாராட்டி ஒரு ஸ்டிக்கர் கொடுங்கள். உதவிக்குப் பிறகு சொன்னால் மெல்ல "ஆமா" என்றால் போதும். இந்த வேறுபாட்டைக் கட்டாயம் காக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பரிசு கிடைத்தால், பிள்ளை படத்தைப் பார்க்காமல் உங்கள் உதட்டையே பார்த்துக் காத்திருக்கும். தவறாகச் சொன்னால் கடிந்துகொள்ளாமல் சரியான சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்து, அதே படத்தை மீண்டும் காட்டுங்கள்.

"ஏணி" என்று தமிழில் விடை வந்தால்? படத்துக்கு அது சரியான பெயர்தான், கேட்ட மொழி வேறு. அதனால்தான் "இது என்ன?" என்று பொதுவாகக் கேட்காமல் ஒவ்வொரு முறையும் மொழியைச் சேர்த்துக் கேட்கிறோம். சொற்கள் ஓரளவு பிடிபட்ட பிறகு "தமிழ்ல என்ன?" என்ற கேள்வியையும் இடையிடையே கலந்து கேளுங்கள்.

தொடர்ந்து இரண்டு சுற்றுகளில் 12-க்கு 11 விடைகள் உதவியின்றி வந்தால் பயிற்சியை நிறுத்திச் சோதிக்கலாம். மூன்றாவது படத்தைக் காட்டுங்கள். கொல்லையில் சாய்ந்திருக்கும் உண்மையான ஏணியையும் காட்டுங்கள். பிறகு நான்கு படங்களைப் பரப்பி "லேடர் எங்க?" என்று கேளுங்கள். இரண்டே படங்களை வைத்தால் பிள்ளை குருட்டாம்போக்கில் தொட்டாலே பாதி சரியாகிவிடும். இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். விடைப் படத்தை உங்கள் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும், கவனம். மூலை மடங்கிய அட்டையையும் பிள்ளைகள் அடையாளமாக வைத்துக்கொள்வார்கள்.

பெயர் சொல்லப் பழகிய பிள்ளை, தொட்டுக் காட்டுவதைப் பெரும்பாலும் பயிற்சியில்லாமலே செய்துவிடும். படமே இல்லாமல் "ஏணிக்கு இங்கிலீஷ்ல என்ன?", "லேடர்னா தமிழ்ல என்ன?" என்று கேட்டால்தான் தடுமாறும். ஐஸ்லாந்து மொழி பேசும் 5 வயதுக் குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் சொற்களைக் கற்பித்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. அதில் தொட்டுக் காட்டும் பயிற்சியைவிடப் பெயர் சொல்லும் பயிற்சியே இந்த மொழிமாற்றத்துக்குக் கூடுதலாக உதவியது. ஆனாலும் முழுமையாகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. ஆகவே பயிற்சியின்போதே, விடை சரியாக வந்ததும் "ஆமா, லேடர்னா ஏணி" என்று சொல்லிவையுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்தக் கேள்வியையே அதே விநாடிக் கணக்கில் தனியாகப் பழக்குங்கள்.

வகுப்பில் எல்லோருக்கும் தனித்தனியே நேரம் இருக்காது. ஐந்து பேராகப் பிரித்து, சைகை காட்டியதும் சேர்ந்து சொல்ல வைத்துப் பழக்கலாம். ஆனால் சோதனையை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகவே செய்ய வேண்டும். கூட்டத்தில் சொல்வது யார், அரை விநாடி பின்னால் எதிரொலிப்பது யார் என்று காதால் பிரிக்க முடியாது.

அடுத்த நான்கு சொற்களுக்குப் போகும்போது பழையவற்றில் இரண்டைக் கலந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மீண்டும் கேட்டுப் பாருங்கள். தவறவிட்ட சொல்லை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இரண்டு விநாடிக் கட்டத்திலிருந்து எடுத்தால் போதும்.